தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வீடுகள்

எங்கள் தாலுகா ஆந்திராவோடு நிற்குமா, சென்னை மாநிலத்தோடு சேருமா என்று தெரியாதிருந்த வருடங்கள் அவை. அம்மை குத்திய ஊர்களுக்கு மறுபடி போய், அது எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்று கணக்கெடுப்பது என் வேலை. கையில் அம்மை குத்திய தழும்பு உண்டா, இந்த வருடம் அம்மை நோய் கண்டதா என்ற இரண்டே கேள்விகள்தாம்.

பிச்சாட்டூருக்கு அருகே ஓர் ஊரில், எல்லா வீட்டிலும் நோய் இல்லை என்றார்கள். மதியத்துக்குள் தாள் நிறைந்துவிட்டது; எனக்கு மகிழ்ச்சி. கடைசி வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து கேட்டாள்.

“சின்னவளுக்குக் குத்தலாமா, நர்சம்மா? வாணாம்னு சொல்லிக்கினு கீறாரு எங்கூட்டுக்காரரு.”

“தாராளமா குத்தலாம்க்கா. உங்க ஊர்ல ஒருத்தருக்கும் நோய் வரலையே.”

அவள் சிரித்தாள். “ஆத்தா வராத வருசமா இது? எங்க பெரியவளுக்கே ஆத்தா எறங்கி, மாசியில தலைக்குத் தண்ணி ஊத்துனோம்.”

“காலையில கேட்டப்ப நோய் இல்லைன்னீங்களே?”

“ஆத்தா வந்தா அத நோயின்னுவாங்களா? நல்லா படிச்சிக்கினு வந்த, போ.”

சித்தூரில் கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அது நோய்தான். வேறு பெயரால் கேட்கத் தோன்றவில்லை. பெரியவளின் கையைப் பார்த்தேன். பதிவேட்டில் குத்தியதாக இருந்தது, தழும்பு இல்லை.

“அழுதுச்சேன்னு அப்பவே மருந்த எண்ணெ போட்டுத் தொடச்சிட்டேன்,” என்றாள்.

எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். “இந்த வருஷம் யாருக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினீங்க?” என்றதும், ஒளிக்காமல் மாதத்தோடு சொன்னார்கள். அநேகமாக எல்லோரும் தழும்பு இல்லாதவர்கள். ஆனால் தழும்பு இருந்தவர்களிலும் இரண்டு பேருக்கு வந்திருந்தது.

கடைசி வீட்டுக்குத் திரும்பி, அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

“மத்தியானம் சொன்னதவிட இது காப்பாத்துறது கம்மியாச்சே?”

“கம்மிதான்க்கா. ஆனா இதுதான் நெசம்.”

“அப்போ அவரு வர்ற வரைக்கும் இருந்து, நீயே சொல்லிட்டுப் போ.”

கடைசிப் பேருந்து போகும் ஓசை கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. கழனியிலிருந்து வந்த அவள் கணவர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தழும்போடு அம்மை கண்ட அந்த இருவரும் எந்த வீடு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தெரிந்த வீடுகள்தாம். “ரெண்டும் பொழச்சிதுங்க,” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

அடுத்த வாரம் அம்மை குத்துபவரோடு நானும் போனேன். சின்னவள் வீறிட்டு அழுதாள். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் திரும்பாமல், மருந்து காயும்வரை அந்தக் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டே நின்றாள்.