உண்டு என்று எழுதிய கட்டம்

இடப்பக்கம் ‘பழைய ஆய்வுகூடம்’, வலப்பக்கம் ‘புதிய ஆய்வுகூடம்’. வாசல்கள், காற்றோட்டம், அமிலங்கள் வைக்கும் இடம், அவசர நீர் வசதி என்று வரிவரியாக ஒப்பிட்டு நிரப்பவேண்டிய படிவம். புதிய கட்டடத்தைக் கட்டித்தந்த வெளிநாட்டுப் பழைய மாணவர்களுக்குத் திறப்பு விழாவில் கொடுப்பதற்காக எங்கள் பாடசாலை அதிபர் தயாரித்தது. நான் அங்கே இரசாயனவியல் படிப்பிக்கத் தொடங்கி மூன்றாவது வருடம். கையெழுத்து அழகு என்பதால் அது என் மேசைக்கு வந்தது.

பழைய ஆய்வுகூடம் ஓடு வேய்ந்த ஒரு நீள மண்டபம். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் எதிரெதிராக இரண்டு வாசல்கள் இருந்தன. அமிலப் போத்தல்கள் முழங்கால் உயரத்தில், மணல் பரப்பிய சீமெந்துத் தட்டில் நின்றன. பின்வாசலோடு ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆய்வுகூட உதவியாளராக இருந்த அக்கா காலையில் வந்ததும் கிணற்றில் அள்ளி அதை நிரப்பிவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் கதைக்கமாட்டார். யாராவது அந்தத் தொட்டியில் கை கழுவினால் மட்டும் கோபம் வரும்.

புதியதில் வெள்ளைத் தரை, கண்ணாடி யன்னல்கள். அமிலங்கள் தலைக்கு மேலே சுவர் அலுமாரியில் வரிசையாக நின்றன. படத்தில் நன்றாக விழும் என்று அதிபர் சொன்னார். ஒரு மூலையில் பச்சை வர்ணம் பூசிய அவசரக் குழாய். சங்கிலியை இழுத்தால் தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டவேண்டும்; அறையில் வேறு தண்ணீர்க் குழாய் இல்லை. ஆனால் கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்து அதற்கு இணைப்பு வரவில்லை. வெள்ளைத் தரை நனையும் என்று சங்கிலியைத் தொட அதிபர் யாரையும் விடுவதில்லை. விழா முடியப் பார்க்கலாம், இப்போதைக்கு ‘உண்டு’ என்று எழுதுங்கள் என்றார் அதிபர். குழாய் இருக்கிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன்.

விழாவுக்கு முதல் கிழமை பழைய தொட்டியை உடைக்க ஆட்கள் வந்தார்கள். அக்கா என்னிடம் ஓடிவந்தார்.

“ரீச்சர், உந்தக் குழாயிலை தண்ணி வருதோ? வருமெண்டால் தொட்டியை உடைக்கட்டும்.”

அலங்கார வேலைகளில் களைத்திருந்தேன். அவர் அதே கேள்வியை அன்று மூன்றாம் முறை கேட்டார்.

“ஓம் அக்கா, வருது” என்றேன்.

என் சொல்லை நம்பி அவர் விலகி நின்றார். தொட்டியை உடைத்தார்கள்.

விழா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். உயர்தர வகுப்புச் செய்முறைக்காக அக்கா பிள்ளைகள் இருக்கும் வாங்கில் ஏறி, மேல்தட்டிலிருந்து செறிந்த சல்பூரிக் அமிலத்தை இறக்கினார். போத்தல் கண்ணாடிக் கதவில் இடித்து அவருடைய கைக்குள்ளேயே உடைந்தது. முகத்தின் வலப்பக்கம், கழுத்து, மார்பு. அவர் கத்தவில்லை. பிள்ளைகளைக் கிட்ட வரவேண்டாம் என்று கையால் தடுத்தபடி அந்த மூலைக்குப் போனார். சங்கிலியை ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு அதிலேயே தொங்கினார். நான் நாலு முழத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாணவிகள்தான் தங்கள் குடிதண்ணீர்ப் போத்தல்களைத் திறந்து அவர்மீது ஊற்றினார்கள். நான் கிணற்றடிக்கு ஓடி வாளியோடு திரும்பியபோது அவருடைய சேலை தோலோடு ஒட்டியிருந்தது.

வலக்கண் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அதிபர் ஆள் பிடித்துக் குழாய்க்கு இணைப்புக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு அதிகாரி வந்தார். என் படிவத்தைப் பார்த்தார். மூலைக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தார். தண்ணீர் கொட்டியது. அவருடைய சப்பாத்து நனைந்தது, சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். தண்ணீர் வரவில்லை என்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொல்லியிருந்தார். நீங்கள் என்ன கண்டீர்கள் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். அதிபர் பக்கத்தில் நின்றார். மறுபக்கம் திரும்பி நின்றதால் ஒன்றும் காணவில்லை என்றேன். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. பதற்றத்தில் உதவியாளர் சங்கிலியைச் சரியாக இழுக்கவில்லை என்று அறிக்கை வந்தது. அவருக்கு நிரந்தர நியமனமும் இருக்கவில்லை. கவலையீனம் என்று ஒரு வரியில் கடிதம் கொடுத்து நிறுத்தினார்கள். அந்தக் கடிதத்தையும் என்னைக் கொண்டுதான் எழுதுவித்தார்கள்.

இப்போது மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஆய்வுகூடப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுப்பவள் நான். வாசல் எங்கே வரவேண்டும், அமிலம் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று படம் கீறி விளக்குகிறேன். நன்றாகப் படிப்பிக்கிறேன் என்று பாராட்டுகிறார்கள்.

போன மாதம் சுன்னாகம் சந்தைக்குப் போனேன். ஒரு கொட்டிலில் பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து, நல்லது வேறு அழுகல் வேறாக வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தார்கள். அக்கா என்னை முதலில் கண்டார். இடக்கண்ணால் பார்ப்பதற்காகத் தலையைச் சரித்துப் பார்த்தார். சுகம் விசாரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“விசாரணைக்கு வந்தவர் இழுக்கேக்கை தண்ணி வந்ததாமே. நான் கீழை இழுத்தனோ, பக்கத்துக்கு இழுத்தனோ எண்டு இவ்வளவு வருசமா யோசிக்கிறன் ரீச்சர். நான்தான் பிழையா இழுத்திட்டனாக்கும்.”

அப்போதும் நான் பேசாமல் வந்திருக்கலாம். மனச்சாட்சி உறுத்தியது என்று சொன்னால் அது பொய். அவர் தன்னையே குற்றம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

“நீங்கள் சரியாத்தான் இழுத்தனீங்கள் அக்கா. அண்டைக்குக் குழாய்க்கு இணைப்பே இல்லை. எனக்குத் தெரியும்.”

அவருடைய கை நின்றது. பக்கத்துப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நான் கேக்கேக்கையும் தெரியுமோ?”

“ஓம்.”

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் குனிந்து அழுகல்களை ஒருபுறம் ஒதுக்கத் தொடங்கினார். நான் போகாமல் நிற்பதைக் கண்டு, முகம் தெரியாத ஒருத்திக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“வெங்காயம் வாங்க வந்தனீங்களெண்டால் அங்காலை போங்கோ. இஞ்சை கழிவுதான் கிடக்கு.”