புளி ஊற்றிப் பார்த்த கல்

காரைக்குடியில் நாங்கள் வீடு கட்டியபோது, சமையல் மேடைக்குக் கல் வாங்க நான் ஒரு டப்பா புளிக்கரைசலோடு போனேன். கூடவே மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும்.

"கல்லு பாக்க வந்தீகளா, கொழம்பு வைக்க வந்தீகளா?" என்றார் கடைக்காரர். என் கணவர் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

நான் நகரவில்லை. மாதிரிக் கற்கள் எல்லாவற்றிலும் ஊற்றிவிட்டு, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேடையில் தினமும் சிந்தப்போவது பன்னீரா என்ன? வெகுநேரம் கழித்துத் துடைத்தபோது, வெள்ளை மார்பிளில் புளி பட்ட இடம் மங்கிக் கிடந்தது. கறுப்பு கிரானைட்டில் ஒரு தடமும் இல்லை. அதையே எடுத்தேன்.

"கரி அப்புன மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் என் நாத்தனார். அவள் தன் வீட்டுப் பூஜையறைக்கு வெள்ளை மார்பிள் போட்டாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை அந்தத் தரையிலேயே வைத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். விளக்கு மின்னியது, தரையில் மங்கலாக ஒரு வட்டம் விழுந்தது. அதைப் போக்க எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள். வட்டம் பெரிதானது.

போன வாரம் வந்தவள் என் மேடையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எதைப் போட்டு அண்ணி தொடைக்கிறீக?"

"ஈரத்துணி."

முகத்தில் வந்த சிரிப்பைத்தான் மறைக்க முடியவில்லை.

"பூஜையறைக் கல்லை மாத்தணும். கடைக்கு நீங்களும் வாரீகளா?" என்றாள்.

நான் எழுந்துபோய்ப் புளியை ஊறப்போட்டேன்.