கண்மாயில் இறைத்த காற்று

போன வருடம், மார்கழி பிறந்த புதிது. சிவகாசிக்கு மேற்கே, என் மனைவியின் அண்ணன் ஊர்க் கண்மாயில் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் கண்மாய் நிறைவது அபூர்வம். நிறைந்த வருடத்தை வைத்துத்தான் பிள்ளை பிறந்ததையும் வீடு கட்டியதையும் சொல்வோம். அந்த வருடம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே வெளியே பாய்ந்தது.

மச்சான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தண்ணீர் வந்த வருடங்களில், தீபாவளி சீசன் முடிந்ததும் இருவரும் கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுப்பார்கள். அதற்காக ஒரு சின்னப் படகும் பெட்ரோல் மோட்டாரும் வைத்திருந்தார்கள். ஆனால் தண்ணீர் வற்றியபின் மோட்டார் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் பிசினாக இறுகிவிடும். மறுபடி தண்ணீர் வரும்போது மோட்டார் கிளம்பாது. கேஸ் எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது என்று கேள்விப்பட்ட மச்சான், ஒரு மெக்கானிக்கைப் பிடித்து அதைக் கேஸில் ஓடும்படி மாற்றிவிட்டார்.

கரையில் நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. “தோசை சுடுற கேஸ்ல படகா? அப்ப பிடிக்கையிலேயே மீனைப் பொரிச்சிருவீகளோ?”

“ஓடுனப்புறம் பேசுலே” என்றார் மச்சான்.

பட்டாசுக்காரர்களுக்கு வெயில்தான் முதல் எதிரி. எதையும் நிழலில், மூடித்தான் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சிறிய சிலிண்டரைப் படகுக்குள் அடிப்பலகையில் ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, மூடி போட்டு, மேலே ஈரச் சாக்கும் விரித்திருந்தார். எனக்கும் அது பத்திரமாகவே பட்டது.

மூவரும் ஏறினோம். கயிற்றை ஒரே இழுப்பு, மோட்டார் பிடித்துக்கொண்டது. புகையில்லை, பெட்ரோல் நெடியில்லை. தண்ணீரின் மேல் பனி படுத்திருந்தது. பாதி முங்கிய கருவேல மரங்களின் உச்சியில் கொக்குகள் அசையாமல் இருந்தன. சித்திரையில் நான் சைக்கிளில் போன தடம் எங்களுக்குக் கீழே எங்கோ கிடந்தது. ஆடு மேய்ந்த தரைக்கு மேலே நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். விழித்திருக்கிறோமா என்றுகூடத் தோன்றியது.

நடுக் கண்மாயில் மோட்டார் விக்கி நின்றது. மச்சான் மறுபடி கயிற்றைப் பிடித்தார். அடிப்பலகையில் உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று கத்தினார்.

“கைய எடுங்க!”

அவர்கள் கம்பெனியில் யாராவது அப்படிச் சொன்னால் ஏனென்று கேட்கக் கூடாது. கையிலிருப்பதை விட்டுவிட வேண்டும். மச்சானின் விரல்கள் தாமாகவே விரிந்தன.

“கீள கேஸ் வாடை வருது. நீங்க மேல இருக்கீக, தெரியல.”

குனிந்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது. மோட்டாரின் அதிர்வில் டியூப் தளர்ந்து, கேஸ் பெட்டியில் நிரம்பி, படகுக்குள் வழிந்திருந்தது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்கும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. கயிற்றை இழுத்திருந்தால் ஒரு பொறி போதும். மூன்று பேரும் இல்லை.

மச்சான் பெட்டியை மெல்லத் திறந்து சிலிண்டரை அடைத்தார்.

“தண்ணி மாதிரி இறைச்சிருவோம் மச்சான்” என்றேன்.

“எதை மாப்ளே? ஒண்ணையும் காணோமே!”

“காணோம். ஆனா இருக்கு.”

அக்கா பிளாஸ்டிக் சட்டிகளைக் கண்மாயில் முக்கி, எங்கள் கைகளையும் நனைத்துவிட்டார். உரசலில் பொறி கிளம்பாமலிருக்க, பட்டாசு மருந்து அறைக்குள் நுழையும்போது செய்கிற வழக்கம் அது. பிறகு மூவரும் இறைத்தோம். சட்டி சட்டியாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அள்ளி வெளியே ஊற்றினோம். சத்தமே இல்லை. ஊற்றிய இடத்தில் பனி மட்டும் லேசாகக் கலைந்தது.

“ஏலே, படகு ஓட்டையாலே?” கரையிலிருந்து குரல் வந்தது.

“ஆமாலே!” என்றார் மச்சான், இறைப்பதை நிறுத்தாமல்.

வாடைக்காற்று எழுந்து பனியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அக்கா அடிப்பலகை வரை குனிந்து முகர்ந்தார். “இப்ப மீன் வாடைதான்” என்று சொல்லிவிட்டு அழுதார். துடுப்புப் போட்டே கரை சேர்ந்தோம்.

இப்போது சிலிண்டர் படகின் முனையில், பெட்டியும் மூடியும் இல்லாமல், உயரமான பலகையில் காற்றாட நிற்கிறது. வெயில் படாமலிருக்க மேலே ஓர் ஓலைத் தட்டி மட்டும். எதையாவது பத்திரமாக மூடி வைக்கப்போகும் போதெல்லாம், அந்தப் பனிக்குள் வெறும் சட்டியைக் கவிழ்த்த என் கை ஒரு கணம் நின்று, இது மூடவேண்டியதா, திறந்து விடவேண்டியதா என்று கேட்டுக்கொள்கிறது.