மேடுபள்ளம் எந்தக் கரை?

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் ஊராட்சியில் ஒருவருக்கும் ஆள் தெரியாது. மேடுபள்ளம் என்றால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும். மண்சாலையைச் சீவிச் சமன் செய்யும் ஊராட்சி வண்டி அவர் கையில்தான்.

எங்கள் ஊராட்சி ஒரு குன்றும் அதைச் சுற்றி மூன்று சிற்றூர்களும். மூன்றையும் ஒன்றாக்கிய காலத்தில் அலுவலகம் எங்கே என்று பெரிய சண்டையாம். கடைசியில் மூன்றுக்கும் ஒரே தூரத்தில், ஒருவருக்கும் வசதிப்படாத ஓடைக்கரையில் கட்டினார்கள். இன்றுவரை மூன்று ஊர்க்காரர்களும் சமமாகத் திட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த அலுவலகத்தைப் பெருக்கி நாற்காலி போடுவது என் வேலை.

எல்லையும் அந்த ஓடைதான். அதற்கு அப்பால் அக்கரை ஊராட்சி. 'ஓடையே எல்லை' என்று எழுதி வைத்தவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஓடைக்கு யாரும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் அது வளைவில் கரையை உடைத்துக்கொண்டு, கொழுந்தன் வீட்டுக்குப் பின்னால் ஓடியது முன்னால் வந்துவிட்டது. பழைய தடம் காய்ந்துபோனது. ஆண்டவன் கருணை, ஓர் உயிருக்கும் சேதமில்லை. தண்ணீர் சாலையை வெட்டிய இடத்தில் தம்பி குழாய்களை இறக்கி, மண்ணைப் போட்டு, வழுவழுவென்று இழுத்துவிட்டார். காலுக்குக் கீழே ஓடை போவதே எங்களுக்கு மறந்துபோனது.

வினை அப்புறம் வந்தது. உறுப்பினர்களில் கோழிப்பண்ணைக்காரர் நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதிதான். ஊராட்சி வேலைக்காரர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும்; மேடுபள்ளத்தின் வீடு இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் என்றார். தீர்மானம் ஆகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. அக்கரையில் கேட்டால், அவர்களிடம் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை.

நான் பார்க்கப் போனேன். ஓரகத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அடுப்படித் தரை ஒரு பக்கம் இறங்கியிருக்காம் அக்கா, அளந்து அளந்து பாக்கறாரு. சீக்கிரம் வேலைக்குக் கூப்பிடச் சொல்லுங்க, இல்லேன்னா என்னையும் சமன் பண்ணிடுவாரு."

தம்பி உள்ளேயிருந்து, "வேற வீடு பாத்துப் போகலாம்னா இதை யாரு வாங்குவா அண்ணி? எந்தப் பஞ்சாயத்துன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றார். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அன்று என் பிரார்த்தனை முழுக்க அவர்தான்.

கூட்டத்தன்று நல்ல மழை. குழாயில் சருகு அடைத்துக்கொண்டது. எடுத்துவிடுகிற ஆளைத்தான் வீட்டில் உட்கார வைத்திருக்கிறோமே! தண்ணீர் சாலைமேல் ஏறி ஓட, உறுப்பினர்கள் முழங்கால்வரை நனைந்து வந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் காலுறையைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, ஓடையைத் தாண்டினால் அடுத்தவன் மண் என்று ஆரம்பித்தார். காலுறை சொட்டியது. அதைப் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார்.

"தலைவரே, இப்ப நாம எதைத் தாண்டி வந்தோம்?"

"தண்ணியை."

"எந்தத் தண்ணியை?"

தலைவர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? அலுவலகமும் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.

எல்லைக்கு வெளியே கூடினால் கூட்டமே செல்லாது என்று கோழிப்பண்ணைக்காரரே சொன்னார். காலுறையை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். எல்லாரும் மறுபடி தண்ணீரைத் தாண்டினார்கள். தலைவர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நானும் போனேன். பழைய தடமே எல்லை, அதில் கல் நடுவது என்று நனைந்தபடியே தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் கோழிப்பண்ணைக்காரர். அக்கரைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். எங்கள் அலுவலகக் கூரை ஒழுகுவது அவர்களுக்குத் தெரியும்.

"உன் கொழுந்தனை வரச் சொல்லும்மா," என்றார் தலைவர். "கல்லு அப்புறம். முதல்ல குழாயைப் பாக்கட்டும்."

சொல்லி அனுப்பத் தேவையிருக்கவில்லை. மண்வெட்டியோடு அவர் எதிர்க்கரையில் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கல் நட்டதும் அவர்தான். அவர் வீட்டுக்குப் பின்னால் மட்டும் கற்கள் பழைய தடத்தை விட்டுக் கொஞ்சம் அக்கரைப் பக்கமாகத் தள்ளியே நிற்கும். அக்கரைக்காரர்கள் கேட்டதற்கு, அங்கே எல்லை கோணலாக இருந்தது, சமன் செய்தேன் என்றாராம்.