தலையணையில் பாடிய ஹெட்போன்

புலம்பெயர்ந்து வந்து ஈஸ்ட் ஹாமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மேலறையில் மினிகேப் டாக்ஸி ஓட்டும் நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். கோடையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் உயர்ரக ஹெட்போன் ஒன்று வாங்கினார். புதிதில் அதன் ஓசை இறுகியிருக்கும், பாடப் பாடத்தான் இளகும் என்று நம்பி, வேலைக்குப் போகும்போது அதைத் தலையணையில் வைத்துப் பாடவிட்டுப் போவார்.

முதல் நாள், "வயலின் ஊசி மாதிரிக் குத்துது" என்றார். அடுத்த கிழமை, "இப்ப பாடுறவர் மூச்செடுக்கிறதே கேக்குது, தம்பி" என்று பூரித்தார்.

"ஹெட்போன் மாறேல்லை அண்ணை. உங்கட காதுதான் அதுக்குப் பழகிட்டுது" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "அப்ப சோதிச்சுப் பாப்பம், வாரும்" என்று வாங்கிய கடைக்கே என்னைக் கூட்டிப்போனார். கடைக்காரர் அதே வகையில் புதிதாக ஒன்றைப் பிரித்துத் தந்தார். அண்ணை கண்ணை மூடிக்கொள்ள, நான் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிவிட்டேன். வெகுநேரம் தடுமாறியவர், கடைசியில் புதியதையே தன்னுடையது என்று அடித்துச் சொன்னார்.

கண்ணைத் திறந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வென்ற எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஊரில சண்டைக்க ஷெல் விழுந்த நாளோட என்ர காது முடிஞ்சுது எண்டெல்லோ இருந்தனான். அது இன்னும் புதுசாப் பழகுது, பாத்தீரே!"

திரும்பும் வழியில் பஸ்ஸின் இரைச்சலைக்கூடத் தலைசாய்த்து ரசித்துக்கொண்டு வந்தார். அப்படித் தோற்க எனக்கு இன்றுவரை வரவில்லை.