அடியில் கிடந்த நீலம்

எல்லைகள் பற்றிய கண்காட்சிக்காக, என் ஓவியக்கூடத்தில் பச்சை எனாமல் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடையில் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

அப்பா கொல்லத்தில் பழைய வள்ளம் ஒன்று வாங்கியிருந்தார். கேரளத்து வள்ளங்களுக்கு நீலம், நம் தமிழ்நாட்டு வள்ளங்களுக்குப் பச்சை என்று அரசு நிறம் பிரித்திருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள். நீலத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே பச்சை பூசினார்.

“அடியில கெடக்கத எவன் பாக்கப்போறான் மக்கா?”

கடலில் ரோந்துக்காரர்கள் கத்தியால் சுரண்டிப் பார்த்தார்கள். நிறம் மாற்றிய கள்ள வள்ளம் என்று அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான்கு மாதம் கழித்து, வள்ளம் இல்லாமல் அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

“நீ யாருன்னு எங்கிட்ட ஒருத்தனும் கேக்கல மக்கா. வள்ளத்தத்தான் சுரண்டிப் பாத்தானுவ.”

அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை.

இன்றும் புதுப் பலகையைக்கூடச் சுரண்டிவிட்டுத்தான் நான் வண்ணம் தொடுகிறேன்.