பூட்டிய வீடு என்று நான் சொன்ன வீடு

நோன்பு மாதத்துக்கு முந்திய பராத் இரவு முடிந்து மூன்றாம் நாள் காலை, எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டால் இலக்கம் போட்டார்கள். கல்முனைக் கடற்கரையில் இருந்த எங்கள் வரிசையை உடைத்து வீதி போடப் போகிறார்களாம். இலக்கம் விழுந்தவருக்கு ஊருக்கு மேற்கே தொடர்மாடியில் ஒரு வீடு கிடைக்கும். விழாதவர் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆட்கள் கூட, வீடுகள் குறைவு என்று அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கதை அடிபட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகைப் பாயில் இருந்து நான் கேட்ட துஆவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "யா அல்லாஹ், ஆருக்கு இல்லாட்டியும் எனக்கு ஒரு வீட்டைத் தா."

சகோதரிகளே, அந்த துஆ அப்படியே நிறைவேறியது. அதை நினைத்துத்தான் இன்றைக்கும் அழுகிறேன்.

பக்கத்து வீடு ஆமினா மாமியுடையது. மகள் பாஹிமா சவூதியில் வீட்டு வேலை செய்து கட்டிய வீடு. மாமி தனியாகத்தான் இருந்தா. கண்ணில் படலம் வெட்ட அந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தா.

"மூணு நாளையில வந்திருவன் புள்ள. ஆராச்சும் பதிய வந்தா நான் இரிக்கன் எண்டு சொல்லு."

"ஓம் மாமி, நீங்க பயப்படாமப் போங்க" என்றேன்.

பதிகிறவர்கள் மாமி போன மறுநாளே வந்தார்கள். எங்கள் சுவரில் இலக்கத்தை எழுதி முடித்தவர், தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டைப் பார்த்தார். "இதில் யாரும் குடியிருக்கிறார்களா?" என்று கேட்டார். திறப்பு என் இடுப்பில் இருந்தது. என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை, ஊருக்கே தெரியும். அன்றைக்காவது அது சும்மா இருந்திருக்கலாம்.

"அது பூட்டின வீடு சேர். ஆரும் இல்ல."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் கணவர் தைத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் அப்பிடிச் சொன்னாய்?" என்றார். "பேசாம இரிங்க, ஒரு பேர் குறைஞ்சா நமக்கு நல்லம்" என்றேன். அவர் திரும்ப வலையைக் கையில் எடுத்தார்.

மாமி கண்ணில் கட்டோடு வந்து தன் சுவரைத் தடவிப் பார்த்தா. பெயின்ட் இல்லை. காரியாலயத்துக்கு நாலைந்து தரம் நடந்தா. பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். நோன்புப் பெருநாள் கழிந்து பெக்கோ மெசின் வந்து வரிசையை இடித்தது. தகரம் நசுங்கிய சத்தத்தில் நான் குந்தியிருந்து அழுதேன். மாமி என் பக்கத்தில் வந்து முதுகைத் தடவினா.

"அழாத புள்ள. நீ சொல்லித்தான் இரிப்பாய். அவனுகள்தான் எழுதாம விட்டிருப்பானுகள்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். எனக்கு எழுதிய வீட்டைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்கள் என்ற பயம்.

மாமி சம்மாந்துறைப் பக்கம் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பக்க அறையில் போய் ஒதுங்கினா. நாங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடிக்குப் போனோம். சந்தோஷமாகவா இருந்தோம்? கருவாடு காயப்போட முற்றம் இல்லை. வெளி விறாந்தையில் விரித்தால் நாற்றம் என்று சண்டை. நாற்பது வயதில் நான் கடைக்கு இடியப்பம் அவிக்கிறவளாக மாறினேன். கணவர் விடியமுன்னே எழும்பிக் கடலுக்கு இரண்டு கட்டை தூரம் நடந்தார். வரிசையில் இருந்த சனம் ஆளுக்கொரு திசையில். ஒரு கரண்டி சீனி கேட்கவும் தெரிந்த முகம் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை மாமி மௌத்தான செய்தி வந்தது. கடைசியாக ஒரு தரம் பார்க்கவும் நான் ஜனாஸா வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அதற்குப் பிறகு தொழுகையில் மனம் நிற்கவில்லை. அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியானேதான் மன்னிக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் தெரியும்தானே. அழுது அழுது வேறு துஆ கேட்டேன். "யா அல்லாஹ், வீடு போனாலும் போகட்டும். உண்மையைச் சொல்ல எனக்கு வாயைத் தா. சொல்லக் கேட்க ஒரு ஆளைத் தா."

பத்து நாள் போகவில்லை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டியது. பாஹிமா! சவூதியில் இருந்து வந்திருந்தாள். கையில் ஒரு பை பேரீச்சம்பழம், எனக்கு ஒரு ஸ்காஃப்.

"பக்கத்தில இரிக்கக்குள்ள உம்மாவ நல்லாப் பாத்துக்கிட்டீங்களாம் ராத்தா. போன்ல எப்பவும் ஒங்கட கதைதான். கடைசி வரைக்கும் ஒங்களுக்குத் துஆ செஞ்சா."

எல்லாவற்றையும் சொன்னேன். திறப்பு இருந்த இடம், பதிய வந்தவர் கேட்டது, நான் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. பாஹிமா எழும்பிப் போனாள். கொண்டு வந்த பை அங்கேயே கிடந்தது.

மறுநாள் காலை நானே அவளைத் தேடிப்போய்க் காரியாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆமினா உம்மா அந்த வீட்டில்தான் குடியிருந்தா, நான் பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அங்கிருந்த ஐயா பத்துப் பேர் முன்னால் ஏசினார். உன் வீட்டையும் பறிக்கலாம் தெரியுமா என்றார். பறியுங்கள் சேர் என்றேன். அல்லாஹ்வின் மேல் ஆணையாக, அந்த நேரம் எனக்குப் பயம் வரவில்லை. அந்தத் தைரியம் என்னுடையது இல்லை. அவன் தந்தது.

என் வீட்டை யாரும் பறிக்கவில்லை. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு கீழ்மாடி வீடு இரண்டு மாதத்தில் பாஹிமாவின் பெயருக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ். அவள் குடிவந்த அன்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையில் இருந்து குடத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

"என்ட பங்க நான் மன்னிச்சிட்டன் ராத்தா. உம்மாட பங்கு என்ட கையில இல்ல."

சகோதரிகளே, கேட்டால் தருகிற இறைவன் நம் ரப்பு. வழியே இல்லை என்று நினைக்கிறவர் என்னைப் பார்த்து நம்பிக் கேளுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். யாருக்காவது அநியாயம் செய்திருந்தால், இதை வாசித்து முடித்தவுடன் செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த ஆளிடம் போங்கள். நான் ஒவ்வொரு வெள்ளியும் மாமிக்கு யாசீன் ஓதுகிறேன். ஓதி முடித்துவிட்டு, "மாமி, நீங்க இரிக்கீங்க எண்டு நான் சொல்லல்ல" என்கிறேன். பதில் சொல்ல மாமி இல்லை.